வெட்டப்பட்ட அச்சுகள்: ஏஎம்டி ஆண்டு கிட்டுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1965ஆம் ஆண்டு ப்யூக் ரிவியேராவின் 1/25 அளவு பிளாஸ்டிக் கிட் (பெட்டியில் பாகங்களாக வரும், வாங்குபவரே ஒட்டிக் கட்டும் மாதிரிக் கார்), அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அவ்வப்போது புதுப் பெட்டியில் கடைக்கு வருகிறது. ரிவியேரா என்ற கார் அறிமுகமானதோ 1963ஆம் ஆண்டுக் காராக. அந்த முதலாண்டு முகத்தோடும் ஏஎம்டி (AMT) என்ற அமெரிக்க மாதிரிக் கார் நிறுவனம் அன்றே ஒரு கிட் விற்றது. அந்த ஆலையின் 1963 ரிவியேரா இன்று வேண்டுமென்றால் பழைய பெட்டிகள் விற்கும் சந்தைகளில் அலைய வேண்டும். கிடைத்தால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டு இடைவெளி. ஒன்று இன்றும் பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, மற்றது அந்த அச்சிலிருந்து இனி ஒருபோதும் வராது.

பழையது அரியது என்று சேகரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த நிகழ்வைப் பொறுத்தவரை அந்த விளக்கம் எதற்கும் உதவாது. 1957 செவ்ரொலே பெல் ஏர் ரிவியேராவைவிடப் பழைய கார். அதற்கு 1960களின் தொடக்கத்தில் ஏஎம்டி செய்த கிட் தலைமுறை தலைமுறையாக மறுபதிப்புக் கண்டிருக்கிறது. எது அரிதாகும், எது நிலைக்கும் என்பதை அமெரிக்கக் கார் நிறுவனங்களின் ஒரு வணிக வழக்கமே முடிவு செய்தது. ஆண்டுதோறும் காரின் முகத்தை மாற்றும் அந்த வழக்கம்தான் இந்தக் கிட்டுகளைப் பிறப்பித்தது. பிறப்பித்தவற்றை அதுவே அழித்தும்விட்டது. எப்படி என்பதை ஏஎம்டியின் வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம்.

வழக்கறிஞரின் பக்கத் தொழில்

1940களின் இறுதியில் டெட்ராய்ட் நகர வழக்கறிஞர் வெஸ்ட் கலோக்லி ஒரு பக்கத் தொழில் தொடங்கினார். ஃபோர்டு காரின் சிறிய உருவத்தை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டின் அசல் வண்ணத்தையே பூசி, ஃபோர்டு விற்பனையாளர்களின் காட்சியறைகளில் வைத்து விற்பது. நிறுவனத்தின் பெயர் ‘அலுமினம் மாடல் டாய்ஸ்’. பிளாஸ்டிக் வந்ததும் அலுமினியம் போயிற்று. முதலெழுத்துகள் மட்டும் ஏஎம்டி என்று நின்றுவிட்டன. பின்னாளில் ஆலை டெட்ராய்டுக்கு வடக்கே உள்ள டிராய் நகரில் இயங்கியது.

அன்று செய்தவை கிட் அல்ல. முழுதாகக் கோத்து முடித்த விளம்பர மாதிரிகள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘ப்ரோமோ’ என்பார்கள். புதிய ஆண்டின் கார் காட்சியறைக்கு வரும் நாளில், அதே வண்ணத்தில், அதே கிரில்லோடு, உள்ளங்கையைவிடச் சற்று நீளமான ஓர் உருவம் மேசைமேல் இருக்கும். கார் வாங்க வந்தவரின் மகன் கையில் அதைக் கொடுத்துவிட்டால் பேச்சு சுலபமாக நகரும் என்பது விற்பனையாளரின் கணக்கு. எந்த வண்ணத்தில் வாங்கலாம் என்று காட்டுவதற்கும் அது பயன்பட்டது.

இதற்குப் பின்னால் பெரிய ஏற்பாடு ஒன்று இருந்தது. கார் இலையுதிர்காலத்தில் வெளியாகும் என்றால், மாதிரி செய்பவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே வரைபடங்கள் கிடைத்தாக வேண்டும். போட்டி நிறுவனம் ஒளிந்திருந்து பார்க்கத் துடிக்கும் வடிவங்கள் அவை. அவற்றை ஒரு பொம்மை ஆலையிடம் நம்பிக் கொடுத்தார்கள். மொத்தமாக ப்ரோமோக்களுக்கு ஆர்டரும் கொடுத்தார்கள். எஃகு அச்சு வெட்டுவது செலவு பிடித்த வேலை. அந்தச் செலவுக்கு ஈடாக ஓர் உறுதியான வாங்குபவர் முன்கூட்டியே இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு எல்லாம் இதில்தான் போய் முட்டுகிறது.

ஆண்டுதோறும் முகமாற்றம் என்ற கொள்கை ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்பிரட் ஸ்லோன் காலத்தில் வேரூன்றியது. வடிவமைப்புப் பிரிவை ஹார்லி ஏர்ல் நடத்தினார். போன ஆண்டுக் கார் இந்த ஆண்டு பழசாகத் தெரிய வேண்டும். அதற்கு இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை, கிரில்லையும் பின்விளக்கையும் மாற்றினால் போதும். 1950களில் இது உச்சத்துக்குப் போயிற்று. காரின் முகம் மாறினால் ப்ரோமோவின் முகமும் மாற வேண்டும். ஆண்டுதோறும் புது ஆர்டர். மாதிரி ஆலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

1958: ஒரு பெட்டி, மூன்று கார்

ப்ரோமோ அச்சு கையில் இருக்கிறது. விற்பனையாளருக்கு வேண்டிய எண்ணிக்கை அடித்தாயிற்று. அச்சு சும்மா கிடக்கிறது. அதே உடற்கூட்டைக் கோக்காமல் பெட்டியில் போட்டு, கூடவே சில கூடுதல் பாகங்களைச் சேர்த்து, சிறுவர்களுக்கு விற்றால் என்ன? 1958ஆம் ஆண்டுக் கார்களோடு ஏஎம்டி இதைச் செய்தது. ஒரே பெட்டியில் மூன்று வழிகள்: ஆலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், தாழ்த்தி, அலங்கரித்து ‘கஸ்டம்’ ஆக்கலாம், எண் ஒட்டிப் பந்தயக் காராக்கலாம். விலை இரண்டு டாலருக்குள். பேப்பர் போட்டுச் சம்பாதிக்கும் ஒரு பையனுக்கு எட்டும் விலை.

மூன்று வழி என்ற யோசனையில் வணிகத் தந்திரம் இருந்தது. அதைவிடப் பெரிய, யாரும் திட்டமிடாத விளைவு ஒன்றும் இருந்தது. ஒரு காரைக் கட்டி முடித்தால் மற்ற இரண்டு காருக்கான பாகங்கள் மீந்துபோகும். சக்கர மூடிகள், பக்கவாட்டுப் புகைபோக்கிகள், பின்புறம் நிமிர்ந்து நிற்கும் உபரிச் சக்கரக் கூடு, தீச்சுடர் ஒட்டுப்படங்கள். ஒவ்வொரு பையனிடமும் ஒரு ஷூ பெட்டி நிறைய மிச்சங்கள் சேர்ந்தன. ஒரு காரின் பம்பரை மற்றொன்றில் வைத்துப் பார்ப்பது, கூரையை அறுத்துத் தாழ்த்துவது, பக்கக் கதவை நிரப்பி வழவழப்பாக்குவது என்று கைவேலை வளர்ந்தது. கலிபோர்னியாவின் ஜார்ஜ் பேரிஸ் போன்ற அசல் கஸ்டம் கார் கலைஞர்கள் ஏஎம்டிக்கு ஆலோசனை சொன்னார்கள். கஸ்டம் பாகங்களின் வடிவத்தில் அவர்களுடைய கை தெரியும்.

தொடக்கத்தில் வந்தவை மிக எளியவை. இயந்திரம் கிடையாது. பானட் திறக்காது. அடித்தட்டு ஒரே பலகை. புகைபோக்கிக் குழாய், சஸ்பென்ஷன் எல்லாம் அதிலேயே புடைப்பாக வார்த்திருக்கும். உலோக அச்சாணி இரு பக்கமும் நுழைந்து வெளியே வரும். ப்ரோமோவின் தேவைக்காக வெட்டிய அச்சு என்பதால் அப்படி. 1950களின் இறுதியில் வந்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வேறு வகை. அதற்கு ப்ரோமோ தாயச்சு இல்லை. விற்பனையாளருக்கும் அதனால் பயன் இல்லை. ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் இளைஞனை மனத்தில் வைத்து நேரடியாகக் கிட்டாகவே வெட்டியது. முழு இயந்திரம் வந்தது. அந்தந்த ஆண்டுக் காரின் முகத்தோடு வரும் ஆண்டு கிட்டுகளும் அடுத்த சில ஆண்டுகளில் பானட் திறந்து இயந்திரம் காட்டத் தொடங்கின.

போட்டியாளர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். டெட்ராய்டிலேயே ஜோ-ஹான் இருந்தது. கிரைஸ்லர், கேடிலாக், ஸ்டுடிபேக்கர் போன்றவற்றில் அது தேர்ந்தது. ஏஎம்டியிலிருந்து வெளியேறிய ஜார்ஜ் டோட்டெஃப் 1963இல் மிச்சிகனின் மவுண்ட் கிளெமென்ஸில் எம்பிசியைத் தொடங்கினார். கலிபோர்னியாவின் ரெவல் நிறுவனம், எட் ராத் என்பவர் வரைந்த விநோதக் கார்களையும் அரக்கர்களையும் விற்றது. சிகாகோவின் மோனோகிராம் 1/24 அளவைப் பிடித்துக்கொண்டது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்றால் 1/24 வரும், கணக்குக்கு எளிது. 1959 கேடிலாக்கின் நீளம் 225 அங்குலம். 1/25இல் அது ஒன்பது அங்குலம், 1/24இல் ஒன்பதும் மூன்றெட்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இந்த வேறுபாட்டை அலமாரியில் பார்த்தால் சிலருக்குத் தூக்கம் வராது. எனக்கு வரும். ஆனால் ஒன்றின் சக்கரத்தை மற்றொன்றில் பொருத்த முயன்றால் வேறுபாடு உடனே முகத்தில் அறையும்.

அச்சு எப்படி வேலை செய்தது

ஆய்வின் மையம் இங்கே இருக்கிறது. சற்று நின்று பார்க்கலாம்.

காரின் உடற்கூட்டை ஒரே துண்டாக வார்ப்பது சாதாரண இரண்டு பாதி அச்சால் ஆகாது. பக்கவாட்டில் கதவுக் கோடு, கைப்பிடி, குரோம் பட்டை என்று புடைப்புகள் இருக்கின்றன. மேலும் கீழும் மட்டுமே திறக்கும் அச்சிலிருந்து கூட்டை எடுத்தால் அவை சிதைந்துவிடும். ஆகவே கூரைக்கு ஒன்று, உட்புறத்துக்கு ஒன்று, இடம் வலம் முன் பின் என நான்கு பக்கமும் தனித்தனியாக நகரும் துண்டுகள். உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து உறைந்ததும் பக்கத் துண்டுகள் வெளியே நகர, கூடு விடுபடும். துண்டுகள் சந்தித்த இடங்களில் மெல்லிய கோடு விழும். முன் மட்கார்டிலிருந்து கூரைத் தூண் வரை ஓடும் அந்த அச்சுக் கோட்டைத் தேய்த்து அகற்றாமல் வண்ணம் பூசினால், எவ்வளவு பளபளப்பாகப் பூசியிருந்தாலும் பொம்மை என்று காட்டிக் கொடுத்துவிடும். இன்றைக்கும் கிட் கட்டுபவர் செய்யும் முதல் வேலை அதைத் தேய்ப்பதுதான்.

கூட்டைத் துண்டுகளாகப் பிரித்து வார்க்கும் இந்த முறை ஆண்டு மாற்றத்துக்கு வசதியாக அமைந்தது. உண்மைக் காரில் கிரில்லும் பின்விளக்கும் மட்டும் மாறினால் அச்சின் முன் துண்டையும் பின் துண்டையும் மாற்றினால் போதும். பக்கவாட்டில் ஒரு குரோம் பட்டை கூடினால் பக்கத் துண்டில் வெட்டிச் சேர்க்கலாம். புது அச்சு வெட்டும் செலவில் ஒரு பகுதியே ஆகும். அதைத்தான் செய்தார்கள். ஆனால் எஃகை வெட்டினால் வெட்டியதுதான். 1964 கிட்டுக்காக மாற்றிய அச்சிலிருந்து 1963 கிட் வராது. போன ஆண்டுக் காரை அடுத்த ஆண்டு எவரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்தார்கள். அன்றைய டெட்ராய்டில் அப்படி நினைப்பது இயல்பு. பழைய முகத்தை மறக்கடிப்பதுதானே அந்தத் தொழிலே.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரே அடிப்படை உடலில் சில ஆண்டுகள் ஓடிய காரில், கடைசி ஆண்டின் கிட்டே பிழைக்கும். அடுத்த ஆண்டு கார் முழுக்கப் புது உடலுக்கு மாறுகிறது. பழைய அச்சை வெட்டித் திருத்திப் பயனில்லை. புது அச்சு வெட்டுகிறார்கள். பழையது மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ரிவியேராவின் முதல் உடல் 1963 முதல் 1965 வரை. 1966இல் முற்றிலும் வேறு கார். ஆகவே அச்சு 1965 முகத்தோடு உறைந்து நின்றது. ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் உடல் 1966இல் முடிந்தது. ஏஎம்டியின் பழைய அச்சிலிருந்து மறுபடி மறுபடி வந்தது 1966 மஸ்டாங்தான். 1957 செவ்ரொலே, 1932 ஃபோர்டு போன்றவை இந்தச் சக்கரத்துக்குள் வரவே இல்லை. செய்யும்போதே அவை பழைய கார்கள், அவற்றின் முகம் இனி மாறப்போவதில்லை.

விதிக்கு வெளியே ஒரு பொறியும் இருந்தது. பிழைத்து மூலையில் கிடந்த அச்சுகளை 1970களில் வெளியே எடுத்துப் பந்தயக் கார்களாக்கினார்கள். சக்கர வளைவுகளைப் பெரிதாக வெட்டி, உள்ளே பாதுகாப்புக் கூண்டு வைத்து, ‘மாடிஃபைடு ஸ்டாக்கர்’ என்று விற்றார்கள். 1965 ஃபோர்டு ஃபேர்லேன் அப்படிப் போனது. அந்த உடலின் கடைசி ஆண்டு 1965. என் விதிப்படி அது முழுதாகப் பிழைத்திருக்க வேண்டும். பிழைத்தது, ஆனால் காயத்தோடு. மறுபதிப்பு வரும்போது பந்தயக் காராகவே வருகிறது. ஆலையிலிருந்து வந்தபடி ஒரு ஃபேர்லேன் வேண்டுமானால் வளைவுகளைப் பிளாஸ்டிக் தகட்டால் நிரப்பிச் செதுக்கிக்கொள்ள வேண்டும். பொறுமைசாலிகள் செய்கிறார்கள்.

வளைந்த ப்ரோமோ, நேரான கிட்

பழைய மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் தெரிந்திருக்கும். 1950களின் ப்ரோமோக்களில் பெரும்பாலானவை கோணியிருக்கும். கூரை வளைந்திருக்கும், முன்னும் பின்னும் தாழ்ந்திருக்கும், கண்ணாடித் துண்டு தன் இடத்தில் உட்காராது. அதே அச்சிலிருந்து வந்த 1958, 1959 கிட்டோ நேராக இருக்கும்.

காரணம் பிளாஸ்டிக்கின் வகை. ப்ரோமோக்களைச் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்த்தார்கள். அடிபட்டால் எளிதில் உடையாது, நல்ல பளபளப்பு, கார் நிறுவனத்தின் வண்ண அட்டைக்கு ஏற்ற நிறம் ஏற்றலாம். ஆனால் அதை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுகின்றன. ஈரத்தையும் அது உறிஞ்சி விடுகிறது. கூடு சுருங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் முறுக்கிக்கொள்கிறது. கிட்டுக்கு வேறு பொருள் தேவைப்பட்டது: சிறுவர்கள் கையிலிருந்த குழாய்ப் பசையால் ஒட்ட வேண்டும். அந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். ஆகவே கிட் ஸ்டைரீன். 1960களின் தொடக்கத்தில் ப்ரோமோக்களும் ஸ்டைரீனுக்கு மாறின.

பெரிய மனிதர்களுக்காக வண்ணம் பார்த்துப் பார்த்துச் செய்த காட்சிப் பொருள் கோணிப்போக, பையனின் மலிவுப் பெட்டியில் வந்தது நிமிர்ந்து நிற்கிறது. கோணிய அசிட்டேட் கூட்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சுருங்கியதை எந்த வெந்நீரும் திரும்பத் தராது. நான் பரிந்துரைக்க மாட்டேன். கோணாத அசிட்டேட் ப்ரோமோ கிடைத்தால் வெயிலும் புழுக்கமும் படாத இடத்தில் வைப்பதே செய்யக்கூடியது.

ஸ்டைரீனுக்கும் ஒரு பகை உண்டு. அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கிட்டின் டயர்கள் மென்மையான வினைல். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீனைக் கரைக்கும். திறக்காத பெட்டி என்று பெருமையோடு பல ஆண்டுகள் வைத்திருந்து திறந்தால், டயர் ஒன்று முன்கண்ணாடியில் வட்டமாகத் தன் தடத்தைப் பதித்திருக்கும். கட்டி முடித்த காரிலும் சக்கர விளிம்பை டயர் தின்றுவிடுகிறது. மருந்து எளிது: டயர்களைத் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வைத்தால் போதும், பாலித்தீனை அந்தக் கசிவு ஒன்றும் செய்யாது. கட்டிய காரில் சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றலாம். முத்திரை உடையாத பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. உள்ளே டயர் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முத்திரையை உடைக்க வேண்டும். வாங்குபவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது, என் வாக்கு உடைப்பதற்கே.

முன்பே ஒருவர் கட்டிய பழைய காரை வாங்கிப் பிரித்துச் சீரமைப்பது பலருக்கு இதைவிட நல்ல வழி. பன்னிரண்டு வயதுப் பையன் பசையைக் கொட்டிக் கட்டியிருப்பான். தடிமனாக எனாமல் பூசியிருப்பான். வண்ணத்தைக் கழற்ற ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைப்பது பாதுகாப்பான தொடக்கம். அதற்கு அசையாவிட்டால் காரம் மிகுந்த அடுப்புத் துப்புரவு நுரை, கையுறை கட்டாயம். பசை ஸ்டைரீனையே உருக்கி ஒட்டியிருப்பதால் சில இணைப்புகள் பிரியவே பிரியாது. சிலவற்றைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு நாள் வைத்துவிட்டு மெல்ல நெம்பினால் பட்டென்று விடும். மங்கிய குரோம் பாகங்களைத் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டால் உலோகப் பூச்சு சில நிமிடங்களில் கரைந்துவிடும். பிறகு புதிதாகப் பூசிக்கொள்ளலாம். பக்கவாட்டுக் குரோம் பட்டைகளுக்கு மிக மெல்லிய ஒட்டும் உலோகத் தாளை வைத்து அழுத்தி, ஓரத்தில் கூரிய கத்தியால் வெட்டி எடுக்கிறார்கள். வெள்ளி வண்ணத்தால் அந்தக் கூர்மை வராது. மஞ்சளாகிப் போன ஒட்டுப்படத் தாளைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த கூட்டுக்கு வெள்ளை வண்ணம் பூச நினைப்பவர் முதலில் வெள்ளி நிறத்தில் ஒரு தடுப்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் கார் இளஞ்சிவப்பாகும்.

ஏன் நின்றது

1960களின் நடுவில் ஸ்லாட் கார் (பள்ளம் வெட்டிய தடத்தில் மின்சாரத்தில் ஓடும் பொம்மைப் பந்தயக் கார்) மோகம் வந்து பையன்களின் காசைப் பங்கு போட்டது. 1973 எண்ணெய் நெருக்கடி ஸ்டைரீனின் விலையை ஏற்றியது. பெரிய இயந்திரம் கொண்ட கார்களின் மவுசையும் குறைத்தது. இவை உண்மையான காரணங்கள்தாம். ஆனால் முதன்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். 1970களில் டெட்ராய்ட் ஆண்டு முகமாற்றத்தைக் கைவிடத் தொடங்கியது. பாதுகாப்பு, புகை தொடர்பான சட்டங்களுக்குப் பணம் செலவாயிற்று. ஒரே உடல் பல ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. போன ஆண்டுக் காருக்கும் இந்த ஆண்டுக் காருக்கும் வேறுபாடு தெரியாதபோது ஆண்டு கிட் எதற்கு? விற்பனையாளர்களும் ப்ரோமோ கேட்பதைக் குறைத்தார்கள். அச்சுச் செலவைத் தாங்கிய அந்த முதல் ஆர்டர் மறைந்தது. தூண் போனதும் கூரை எத்தனை நாள் நிற்கும்? கார்வெட், கமாரோ, ஃபயர்பேர்ட், மஸ்டாங் என்று ஆர்வம் குறையாத சில பெயர்கள் மட்டும் ஆண்டு வரிசையில் எஞ்சின.

உறவும் தலைகீழானது. 1958இல் கார் நிறுவனம் வரைபடம் கொடுத்து, ஆர்டரும் கொடுத்தது. சிறிய கார் பெரிய காரை விற்கும் என்று நம்பியது. பிற்காலத்தில் காரின் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்த மாதிரி நிறுவனமே கார் நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டி வந்தது.

ஏஎம்டி கைமாறிய கதை நீளமானது; சுருக்கிச் சொல்கிறேன். 1978இல் மேட்ச்பாக்ஸ் பொம்மைகளின் லெஸ்னி வாங்கியது. 1982இல் லெஸ்னி திவாலானது. அடுத்த ஆண்டு அயோவாவின் டயர்ஸ்வில்லில் டிராக்டர் பொம்மைகள் செய்துவந்த எர்ட்ல் வாங்கியது. சில ஆண்டுகளில் எம்பிசியும் அதே கூரையின் கீழ் வந்தது. 1999இல் எர்ட்லை ரேசிங் சாம்பியன்ஸ் விழுங்கியது. இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரத்து ரவுண்ட் 2 நிறுவனம் 2008 வாக்கில் முதலில் உரிமம் பெற்று, பிறகு பெயர்களையும் அச்சுகளையும் தனதாக்கிக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் டன் கணக்கில் எஃகு ஊர் ஊராகப் பயணம் செய்தது. எல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜோ-ஹானுக்கு அந்த நல்லூழ்கூட வாய்க்கவில்லை. அதன் அச்சுகள் சிதறிப் பல கைகளுக்குப் போயின. அதன் வரிசையில் கிரைஸ்லர் டர்பைன் காரைத் தனியாகச் சொல்ல வேண்டும். விமான இயந்திர முறையில் ஓடிய அந்தக் காரின் உடலை இத்தாலியின் துரின் நகரில் கியா (Ghia, கொரியக் கார் நிறுவனம் அல்ல) செய்தது. மொத்தம் 55 கார்கள். அவற்றில் 50, 1963 முதல் 1966 வரை இருநூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களுக்கு மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்டன. சோதனை முடிந்ததும் கிரைஸ்லர் 46 கார்களை அழித்தது. ஒன்பதே எஞ்சியுள்ளன. ஜோ-ஹான் அதே காலத்தில் டர்பைன் இயந்திரத்தோடு 1/25 கிட் செய்தது. அசல் கார் ஒன்பது என்றால், வெட்டாமல் விடப்பட்ட ஒரு சிறிய அச்சிலிருந்து வந்த கூடுகள் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டு முகம் மாறாத கார் அது, அடுத்த ஆண்டே அதற்குக் கிடையாது. அச்சை வெட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

திரும்பி வருபவை

இழந்த முகங்களைத் திரும்பப் பெற முதலில் கைகொடுத்தது ரெசின் என்ற, ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின். நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய உடற்கூட்டைச் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ரெசினில் வார்ப்பார்கள். சிறிய பட்டறைகளில், ஒரு முறைக்குச் சில கூடுகளாக நடக்கும் வேலை. ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். காற்றுக் குமிழ்கள் வரும். அடித்தட்டும் இயந்திரமும் வேறொரு கிட்டிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு மூலக் கூடு தேவை. அந்த மூலத்தை விற்க மனமில்லாத சேகரிப்பாளர் சிலர் அச்செடுக்கக் கடன் கொடுத்தார்கள். இந்தக் கலைக்கு அவர்கள் செய்தது பெரிய உதவி.

இப்போது ரவுண்ட் 2 ஒரு படி மேலே போயிருக்கிறது. கோக்காத பழைய கிட்டை முன்மாதிரியாக வைத்து, இழந்த அச்சுகளைப் புதிதாக எஃகில் வெட்டுகிறது. செவ்ரொலேயின் 1963 ‘செவி 2 நோவா’ ஸ்டேஷன் வேகன் அப்படி வந்தது. பழைய கிட்டின் குணங்குறைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இன்றைய கணினி அளவீட்டைக் கொண்டு உண்மைக் காரிலிருந்தே துல்லியமாகச் செய்திருக்கலாமே என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். பழைய கிட்டையே வேண்டுபவருக்குத் துல்லியம் இரண்டாம் பட்சம். அவருக்கு வேண்டியது சிறுவயதில் கடைச் சன்னலில் பார்த்த பெட்டி. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. அச்சுப் பிழையையும் சேர்த்து மறுபடி வெட்டுவது வேடிக்கைதான் என்றாலும், நான் வேகனின் பக்கம்.

பழைய பெட்டிகளில் முதலீடு செய்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. எந்தக் கிட் அடுத்து மறுபிறவி எடுக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது கடைக்கு வந்த நாளிலிருந்து பழையதைத் தேடுபவர் எண்ணிக்கை குறையும். கட்டுபவர்களுக்கோ இதனால் எந்த நட்டமும் இல்லை. 1980இல் ஓர் எளிய சந்திப்பாகத் தொடங்கிய ‘பெயரில்லாத தேசிய மதிய விருந்து’ என்ற மாதிரிக் கார் கட்டுபவர்களின் கூடல், ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ பகுதியில் நீண்டகாலமாக நடந்துவருகிறது. அங்கே பரிசைவிடக் காட்சிப்படுத்துவதற்கே முதலிடம். அங்கே மேசையில் வைக்கும் கார் முத்திரை உடைந்த பெட்டியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

பழைய பெட்டி ஒன்றுக்கு விலை பேசுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காரின் உடல் எந்த ஆண்டில் முடிந்தது என்பதை. பெட்டியின் ஆண்டு அதுவேயானால் அச்சு எங்கோ முழுதாக இருக்க வாய்ப்புண்டு, பொறுத்திருக்கலாம். உடலின் முதலாண்டோ நடுவாண்டோ என்றால் அந்த எஃகு வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக வெட்டினால் ஒழிய மறுபதிப்பு வராது. அந்த உடல் பின்னாளில் பந்தயக் காராக விற்கப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மூடியைத் திறந்து, டயர் எங்கே கிடக்கிறது என்று பார்க்கலாம்.